இருமலுக்கு மறுமொழி

உள்ளங்கையில் அடங்கும் வட்டமான தகர டப்பி அது. மூடியில் ஒரு தேனீயின் படம். ஒரு சிறகு தேய்ந்துவிட்டது. காரைக்காலில் எங்கள் வீட்டுச் சமையலறையில், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் மனைவி அதில் கிராம்பு போட்டு வைத்திருக்கிறாள். திறந்தால் கிராம்பு வாசனைக்கு அடியில் தேனும் யூகலிப்டஸும் கலந்த பழைய வாசனை இன்னும் வருவதாக எனக்குத் தோன்றும். அவளுக்குத் தோன்றுவதில்லை.

அதைத் தந்தவரை நான் மதாம் என்று மட்டுமே அழைத்திருக்கிறேன். பிரான்சின் தென்கரையில், கோடைக்காலத்தில் எவரும் உடை உடுத்தாமல் வாழ்வதற்கென்றே அமைந்த ஒரு விடுமுறைக் கிராமத்தில், ஆண்டு முழுவதும் குடியிருந்த சிலரில் அவரும் ஒருவர். நான் அங்கே பராமரிப்பு வேலை பார்த்தேன். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா என்பதால் குடியுரிமை வந்தது. காரைக்காலை அடுத்த நெரவிக்காரரான என் மைத்துனர் அங்கே குழாய் வேலையில் இருந்ததால் வேலை வந்தது. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் இருவரும் ‘கடற்கரை ஓட்டல்’ என்று சொல்லிவைத்திருந்தோம். மாங்கனித் திருவிழா முடிந்த வாரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். வேலையாட்கள் உடையோடு இருக்கலாம். பார்வை பழகச் சில நாட்கள் ஆகும் என்றார் மைத்துனர். அதற்கும் முன்பே பழகிவிட்டது.

பழகாமல் நின்றது தொண்டைதான். நான் வளர்ந்த தெருவில் குளியல் எல்லாம் கொல்லைக் கிணற்றடியில். அந்தப் பக்கம் போகிற ஆண்கள் சுவர் திரும்புமுன் ஒரு முறை இருமுவார்கள். குளிப்பவர் பதிலுக்கு இருமினால் நின்றுவிட வேண்டும்; சத்தமில்லை என்றால் போகலாம். அந்தப் பழக்கம் என்னோடு கடல் தாண்டி வந்திருந்தது. ஒவ்வொரு தெருமுனையிலும், ஒவ்வொரு முற்றத்தின் வாயிலிலும் என்னை அறியாமலே இருமினேன். கோடை இரைச்சலில் யார் காதிலும் அது விழவில்லை.

செப்டம்பர் கடைசியில் இரைச்சல் ஓய்ந்தது. சன்னல் பலகைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கடற்கரையில் வரிசையாக நின்ற குளியல் குழாய்களுக்குச் சாக்குச் சுற்றினோம். வடக்கிலிருந்து வந்த காற்று மணலைத் தெருவுக்குள் கொண்டுவந்து படிக்கட்டுகளில் மெல்லிய வரிகளாகப் படிய வைத்தது. ரொட்டிக்கடை எப்போது திறக்கும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. மிஞ்சிய முதியவர்கள் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நடந்தார்கள். கோடை முழுக்க உடையின்றியே பார்த்திருந்தவர்களைத் துணிக்குள் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தினமும் வணக்கம் சொன்ன ஒருவரிடம், ஊருக்குப் புதிதா என்று கேட்டிருக்கிறேன். மாலையில் மூடிய வீடுகளுக்கு நடுவே நடக்கும்போது, கடல் பின்வாங்கிப் போன இடத்தில் யாரோ மறந்து விட்டுச் சென்ற ஊர் போல இருக்கும். என் காலடியோசை சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். கூடவே என் இருமலும்.

குளிர்காலம் முழுக்கத் தங்கி ஊரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை எங்கள் மேலாளர் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு வாயிலருகே இரண்டு அறை வீடு உண்டு. அது கிடைத்தால் என் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் கல்லறைத் திருநாளுக்குப் பிறகு நான் மூட்டை கட்ட வேண்டும். திருமணமாகி ஒன்றாக இருந்ததைவிடப் பிரிந்து இருந்ததே அதிகம் என்பதால் அந்த இரண்டு அறைகளைப் பற்றி நாங்கள் தொலைபேசியில் நிறையப் பேசியிருந்தோம். எந்தச் சுவரில் மாதா படம் என்பது வரை முடிவாகியிருந்தது. மேலாளரோ என் இருமலைக் கேட்டுவிட்டு மருத்துவரிடம் அனுப்பினார். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மறுநாளும் நான் இருமியது மேலாளர் காதில் விழுந்தது. கடலோர ஈரம் நல்ல நெஞ்சையே கெடுத்துவிடும், யோசிப்போம் என்றார். அன்று மாலை என் பட்டறைச் சன்னலில் தேனீ டப்பி இருந்தது. உள்ளே இருமல் மிட்டாய்கள். மதாம் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. “மூணு தெரு தள்ளிக் கேக்குது மச்சான் ஒங்க இருமலு. எல்லாரும் கழுத்து வரைக்கும் கம்பளியச் சுத்திக்கிட்டுத் திரியிறாங்க. இன்னும் யாருக்காக இருமுறீங்க? அந்த மேனேஜருகிட்டப் போயி உள்ளதச் சொல்லுங்க.”

உள்ளதைச் சொல்வதில்தான் சிக்கல். உங்களைப் பார்க்க நேர்ந்துவிடக் கூடாது என்று இருமுகிறேன் என்றால், உங்கள் வாழ்க்கை எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் மன்னிக்க முடியாத சொல் அது ஒன்றுதான். ஆகவே இருமலை அடக்கிக்கொண்டு நடந்தேன். வாயில் எப்போதும் மதாமின் மிட்டாய்.

காற்று இல்லாத ஒரு நண்பகல். மூடிய வீடுகளின் குழாய்களில் நீரை வடித்துக்கொண்டே வந்தவன், சத்தமில்லாமல் மதாமின் முற்றத்துக்குள் திரும்பிவிட்டேன். சுவரோரம் வெயிலில், கான்வாஸ் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். உடம்பில் இருந்தது கம்பளிக் காலுறை மட்டும். சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

“இன்றைக்கு இருமல் இல்லையே, குணமாகிவிட்டதா?” என்றார்.

சுவரைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினேன். கிணற்றடி, கொல்லை, ஆண்கள், பதில் இருமல். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போதவில்லை. கை பாதியைச் சொன்னது.  முடித்தபோது அந்த இரண்டு அறை வீடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

“அப்படியானால் இவ்வளவு நாளும் என் வாசலில் நின்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தீர்கள்” என்றார் மதாம். “ஒளிக்க எதுவும் வேண்டாம் என்றுதான் நானும் என் கணவரும் இங்கே வந்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் போன பிறகு, உள்ளே வரலாமா என்று என்னை யாரும் கேட்டதில்லை.”

பிறகு எனக்குப் பின்னால் ஒரு சிறு இருமல் கேட்டது. “இப்படித்தானே?” என்றார். இப்படித்தான் என்று சுவரிடம் சொன்னேன்.

கோட்டும் பூட்சும் போட்டுக்கொண்டு அவரே என்னை மேலாளரிடம் அழைத்துப் போனார். இது நோயில்லை, இவர்கள் ஊரில் இதுதான் கதவைத் தட்டுவது என்றார். மேலாளர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவிப் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, அந்த வீட்டுக்கூரை ஒழுகுகிறது, உங்களால் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன் என் மனைவி வந்து சேர்ந்தாள். ஊர் அவளுக்குப் பிடித்துவிட்டது. “எல்லாரும் எவ்ளோ அடக்க ஒடுக்கமா இருக்காங்க, பாத்தீங்களா?” என்றாள். மே மாதம் வரட்டும் என்று மைத்துனர் என் காதில் சொன்னார். அந்தக் குளிர்காலத்திலும் பின்வந்த குளிர்காலங்களிலும் மதாமின் முற்றத்தருகே நான் இருமுவேன். உள்ளே அவர் எப்படியிருந்தாலும், முழுக்க உடுத்திச் சூப் குடித்துக்கொண்டிருந்தாலும், ஒரு சிறு இருமல் பதிலாக வரும். நின்றுவிடுவேன். கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்துவிட்டு, வாருங்கள் என்பார். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குப் பிடித்திருந்தது.

கொரோனா தணிந்த ஆண்டில், சற்றுத் தொலைவிலிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் மதாமைச் சேர்த்தார்கள். வேலையை விட்டுக் காரைக்கால் திரும்பும் முன் பார்க்கப் போனேன். அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. திறந்துகொண்டு உள்ளே போனார்கள், மருந்தோடு, தட்டோடு, துடைப்பத்தோடு. நான் வாசலில் நின்று இருமினேன். தாதி திடுக்கிட்டு முகக்கவசத்தை நீட்டினார். அதற்குள் அறையிலிருந்து அந்தச் சிறு இருமல் வந்தது. இப்போது உள்ளே போகக் கூடாது, மதாம் சொல்லும்வரை நிற்க வேண்டும் என்று தாதியிடம் சொன்னேன். வாருங்கள் என்ற குரல் வரும்வரை அவரும் என்னோடு நின்றார். அதன் பிறகு நான் மதாமைப் பார்க்கவில்லை.

கார்த்திகை மழைக்குக் காரைக்கால் கடற்கரையில் கூட்டமிருப்பதில்லை. இன்று காலை மீனவக் குப்பமான கிளிஞ்சல்மேடு வரை நடந்தேன். சட்டைப் பையில் டப்பி. கிராம்பை மனைவி கிண்ணத்துக்கு மாற்றித் தந்திருந்தாள். கரையேற்றிய ஃபைபர் படகு ஒன்றைச் சுற்றித் திரும்புமுன் என்னை அறியாமல் இருமினேன்.

“ஆளு இருக்கு, நில்லுங்க” என்றது படகுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல். ஈரச்சேலை மாற்றுகிறாள் போலும்.

கடலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஆளில்லாத கரை, சாம்பல் நிறத் தண்ணீர். பையிலிருந்த டப்பியைக் கை தேடிப் பிடித்துக்கொண்டது. எனக்கு அவசரம் எதுவும் இல்லை. நெடுநேரம் கழித்து, “இப்ப வாங்க” என்றது குரல்.