உப்பு கழுவிய வைரவன்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வைரவன் 1976இல் ராஸ் அல் கைமாவுக்கு வந்தது, அவனுக்கு விசா கொடுத்த கஃபீல் மஹ்மூதின் தோட்டத்தில் தக்காளி விளைவிக்க. இரண்டாம் வருட விளைச்சலும் தேறினால்தான் விசா நீளும், இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

முதல் வருடம் நன்றாகவே காய்த்தது. அடுத்த மார்கழியில் பாத்தி ஓரங்கள் வெள்ளையாகப் பூத்தன. வைரவன் பதறவில்லை. அவன் காவிரிக் கடைமடைக்காரன். உப்புப் பூத்த வயலில் தண்ணீரைத் தேக்கி வடித்தால் சரியாகிவிடும் என்பது அவனுக்குப் பழகிய வேலை. வரப்பை உயர்த்தி, பம்பை நாள் முழுக்க ஓடவிட்டான். ஆனால் இங்கே தண்ணீர் வெளியேற வழியில்லை. கிணற்று நீரே கரித்தது. தேங்கியது காய்ந்ததும் உப்பு மட்டும் தங்கியது. மறுபடியும் தேக்கினான்.

தோட்டத்தின் ஆலோசகர் கல்யாணசுந்தரம் வேலியோரம் காரை நிறுத்தினார். கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவர். வடிகால் வெட்ட வேண்டும் என்று மஹ்மூதிடம் இருமுறை சொல்லி, இருமுறையும் மறுக்கப்பட்டவர்.

"என்ன வைரவா, நெல்லு நடப் போறியா?"

"உப்பக் கழுவுறேன் சார். இன்னும் ரெண்டு தண்ணி வச்சா போயிரும்."

"கழுவு, கழுவு" என்று கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

தை பிறந்ததும் இலைகள் ஓரத்திலிருந்து கருகின. மஹ்மூது இரண்டு விருந்தாளிகளோடு வந்து பார்த்தார். கல்யாணசுந்தரம் அவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். ஆற்றோரம் பயிர் செய்யக் கற்றதால்தான் மனிதன் ஊர் கட்டினான், எழுத்து கண்டான். யூப்ரடீஸ் கரையில் அப்படி எழுந்த நகரங்களின் வயல்களையும் உப்புதான் தின்றது என்றார். கடைசியில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வைரவனும் சிரித்தான்.

அவர் அவன் பக்கம் திரும்பினார். "உனக்கும் சொல்றேன். அவங்களுக்கு நிலத்தைக் கெடுக்க ஆயிரம் வருஷம் ஆச்சு. நீ ரெண்டே வருஷத்துல முடிச்சிட்டே."

மஹ்மூது கையை உதறினார். "கலாஸ்." வைரவனின் விசா அத்தோடு முடிந்தது.

அவர்கள் நகர்ந்ததும் வைரவன் கேட்டான். "அன்னிக்கு வேலிகிட்ட நின்னு பாத்தீங்களே சார். தண்ணி கட்டாதடான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா செடி பிழைச்சிருக்கும். அப்புறம் இந்த ஆளு வடிகாலுக்கு எங்க ஒத்துக்குவான்?"

ஊர் திரும்ப டிக்கெட் வர ஒன்பது நாளாயிற்று. சும்மா உட்கார வேண்டாமென்று, மஹ்மூது இப்போது ஒத்துக்கொண்ட வடிகாலை அவனையே வெட்டச் சொன்னார்கள். சாய்வு பிசகாமல் வெட்டினான். கல்யாணசுந்தரம் மட்டம் வைத்துப் பார்த்தார். ஓரிடத்திலும் குறை சொல்ல முடியவில்லை.