ஆறாவது விரலுக்கும் மெஹந்தி

பாலக்கரை தஸ்லிமா கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போடுகிறவள். ஆசியாவின் இளம் கலைஞர்கள் தொழில்நுட்பத்தையும் அழகையும் ஆராய்கிற கண்காட்சி ஒன்றில் தன் சொந்த டிசைன் இடம்பெற வேண்டும் என்பது அவள் ஆசை. படம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

அவள் மெஹந்தி போடப் போன வீட்டு மணப்பெண் அல்ஷிஃபாவோ, ஏஐ வரைந்த கை ஒன்றைப் போனில் நீட்டினாள். "அக்கா, அச்சு அசலா இதே வேணும். ஒரு கொடிகூட குறையக் கூடாது."

"இதுல ஆறு விரல் இருக்கேம்மா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஸ்டேட்டஸ் வச்சாச்சு. மாப்பிள்ளை வீட்ல எல்லாரும் பாத்துட்டாங்க."

ஐந்தே விரலோடு இன்னும் அப்டேட் ஆகாத மணப்பெண்ணின் கையை வைத்துக்கொண்டு தஸ்லிமா என்ன செய்வாள்? மிஞ்சிய விரலைப் புறங்கையிலேயே நகத்தோடு வரைந்து, அதற்கும் கொடி படரவிட்டாள்.

"இப்பதான்க்கா கை முழுசா இருக்கு!"

வீட்டுக்கு வந்தவள் தன் இடக்கையில் சொந்த டிசைனைப் போட்டுப் படமெடுத்தாள். கடுப்பில், அல்ஷிஃபாவின் கையை எடுத்திருந்த படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

ஆறு விரல் தேர்வாகிவிட்டது. 'இயந்திரத்தின் முன் மனித உடலின் போதாமையைத் துணிந்து விசாரிக்கும் படைப்பு' என்று நடுவர்கள் உருகியிருந்தார்கள். இடக்கையைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: 'அழகுதான். ஆனால் வெறும் ஐந்து விரலில் என்ன சொல்ல வருகிறீர்கள்?'