முதல் பக்கத்தில் அந்தோணியார்

ஆத்தூர் அன்னாளின் தொலைபேசி இரண்டாயிரத்து எட்டு ஜூலையில் திடீரென்று வாயை மூடிக்கொண்டது. கொய்யாக் கன்று விற்பவள் அவள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஒரு வாய் சோறு தின்ன விடாமல் அலறுகிற தொலைபேசியில் நான்கு நாளாக மூச்சில்லை. லைன்மேன் ஆண்டிச்சாமியைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

அவர் ஒயரை இழுத்துப் பார்த்தார். தன் செல்போனிலிருந்து அடித்தார். மணி கணீரென்று ஒலித்தது.

"போன் நல்லாத்தாம்மா இருக்கு. யாரும் கூப்பிடல, அம்புட்டுத்தான்."

அன்னாள் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். பந்தலுக்குக் கீழே ஆறாயிரம் கன்று பையில் நின்றன. சீக்கிரம் போகாவிட்டால் வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிடும். பிறகு தூக்கினால் கன்று பட்டுப்போகும்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். கல்யாணமான புதிதில் கணவர் ராயப்பராஜும் அவளும் சந்தை சந்தையாகக் கன்று சுமந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு முன், திண்டுக்கல்லில் பிரவுசிங் சென்டர் நடத்தும் மெஹராஜ் அவளுக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்தாள். ரகம், விலை, குழியின் ஆழம் என்று அன்னாள் சொல்லச் சொல்ல, மெஹராஜ் அத்தனையையும் இங்கிலீஷில் தட்டினாள். கொய்யாக் கன்று என்று எவர் தேடினாலும் முதல் ஆளாக அன்னாள் வந்து நின்றாள். தர்மபுரியும் சித்தூரும் அவளைக் கூப்பிட்டன. தன் கன்றின் தரம் ஊர் ஊராகப் பரவிவிட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. வரட்டுமே, உழைத்தவள்தானே.

அன்றே பஸ் ஏறி மெஹராஜிடம் போனாள். மெஹராஜ் பார்வையாளர் கணக்கைத் திறந்தாள். தினம் தொண்ணூறு பேர் வந்துபோன தளத்துக்கு முந்தின நாள் வந்தது மூன்றே பேர். கொய்யாக் கன்று என்று தேடிப் பார்த்தாள். முதல் பக்கத்தில் அன்னாள் இல்லை. இரண்டிலும் மூன்றிலும் இல்லை. நான்காம் பக்கத்தில் கடைசிக்கு முந்தின ஆளாகக் கிடந்தாள்.

"யாருடி பண்ணுனா இந்த வேலைய?"

"நாமதாங்க்கா. போன மாசம் அந்தோணியார் படத்த வச்சோம்ல?"

அது அன்னாளின் நேர்த்திக்கடன். வீட்டுக்குக் காங்கிரீட் போட்டு முடித்தால், இணையதளத்தின் முன்பக்கம் முழுக்க உம்மையே வைக்கிறேன் என்று புனித அந்தோணியாருக்கு நேர்ந்திருந்தாள். ஜூன் பதின்மூன்று திருநாளன்று மெஹராஜ் எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டு, பூமாலையும் மெழுகுதிரியுமாக ஒரே பெரிய படத்தைப் போட்டாள். தேடுகிற இயந்திரத்துக்குப் படம் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் கொய்யா என்ற பேச்சே இல்லை என்று அது இறக்கிவிட்டது. தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோணியாரை வைத்து, தளத்தையே தொலைத்திருந்தார்கள்!

"சரி, கெடக்கட்டும். நாலாம் பக்கத்துலயாச்சும் இருக்கேன்ல? தேடி வரமாட்டாங்களா?"

"போன வாரம் உங்க மகளுக்கு நர்சிங் காலேஜ் தேடுனீங்களே, எத்தன பக்கம் பாத்தீங்க?"

முதல் பக்கத்தின் உச்சியிலிருந்த மூன்று பெயரை எழுதிக்கொண்டு எழுந்து போனவள் அவள். அதற்குக் கீழே எது இருந்தது என்றுகூடத் தெரியாது.

"அவரக் கீழ எறக்கும்மா. கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள் கடைசியில், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு.

எழுத்து திரும்பியது. இடம் உடனே திரும்பவில்லை. ஆகஸ்ட் கடைசிக்குள் இரண்டாயிரம் கன்று பையைக் கிழித்து வேர்விட்டுப் போய்விட்டன. அவற்றைப் பிடுங்கி வேலியோரம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மணி அடித்தது. தர்மபுரியிலிருந்து ஒருவர், ஐந்நூறு கன்று வேண்டுமாம். அன்னாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நம்ம கன்னுகளப் பத்தி யாருங்கய்யா சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா. உங்க பேருதான் மொதல்ல இருந்துது. மத்ததெல்லாம் யாரு பாக்கறது?"

கன்றின் தரத்துக்காகக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் ஐந்து வருஷமாக நினைத்திருந்தாள். போனை வைத்தாள். பிறகு பந்தலுக்குள் போய், இருந்ததிலேயே நல்ல ஐந்நூறை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தாள்.