பட்டியலின் கடைசி வரி

அப்பாவுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்துவிட்டது என்று நீங்கள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்கிறீர்கள். அந்த நாற்காலி எனக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்கான மின்னணு போர்டு செய்கிறோம். லைனில் ஷிப்ட் முழுக்க நிற்கவேண்டும். சோதனையில் தேறாத போர்டைக் கணினியில் மாட்டிக் கோளாறு பார்க்கிற மேசைக்கு மட்டும்தான் நாற்காலி. அதற்கு எங்களில் இரண்டு பேரைப் பழக்கினார்கள். ஒருவன் நான். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. வாரம் ஒருவர் முறை. தேறுகிறவருக்கு நாற்காலி. எனக்கு அது ஒரு ஆசை, அவ்வளவுதான். அவருக்கோ காலில் நரம்பு சுருண்டு வீங்கியிருந்தது. படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறும்போது தொடையைக் கையால் தூக்கி வைப்பார்.

அந்தக் கணினியில் எல்லாவற்றையும் கறுப்புத் திரையில் தட்டச்சுதான் செய்யவேண்டும். சோதனைகளின் பெயர்கள் முழ நீள இங்கிலீஷ், எங்களுக்கு வராது. அதற்கு டேப் பட்டன் இருந்தது. உங்கள் போனில் இரண்டு எழுத்து தட்டினால் மிச்சத்தை அதுவே காட்டுகிறதே, அதுபோல. ‘டெஸ்ட்’ என்று அடித்து டேபை இரண்டு தட்டு தட்டினால், அப்படித் தொடங்கும் பெயரெல்லாம் பட்டியலாக இறங்கும். பார்த்து எடுத்துக்கொள்வோம்.

புது சாஃப்ட்வேர் வந்த வாரம் அண்ணாச்சியின் முறை. பட்டியல் மளமளவென்று இறங்கியது. அவர் தேடிய வெப்பச் சோதனை மட்டும் அதில் இல்லை. போர்டில் சாஃப்ட்வேர் சரியாக ஏறவில்லை என்று திருப்பி அனுப்பினார். மறுபடி ஏற்றி வந்தது. மறுபடியும் இல்லை. திருப்பி அனுப்புகிற போர்டுகளைப் போடும் சிவப்பு டிரே நிரம்பியது.

“இன்னாபா, அதே போர்டு சுத்திச் சுத்தி வருது? ஊஞ்சல் ஆடுதா?” என்றார் சூப்பர்வைசர்.

“லிஸ்ட்டுல இல்லைல்லா சார். இல்லாதத எங்கேருந்து எடுக்க? இந்தா, கடைசில ஒரு வரி கெடக்கே, இது என்ன சொல்லுது?”

“அது புது வெர்ஷன் வந்ததுலேருந்து வந்துகினுதான் கீது. அதப் போய் பாத்துக்கினு கீற.”

நான் அடுத்த ஆளாகப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் கண்ணும் அந்த வரி மேல் போய், தாண்டி வந்துவிட்டது. வார முடிவில் அண்ணாச்சிக்கு வேலை பிடிபடவில்லை என்று லைனுக்கே அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் நின்று பார்த்தார். முடியாமல் ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் என் முறையிலும் அதேதான் நடந்தது. வாரத்தின் கடைசி நாள் ஒரு இன்ஜினியர் பெண் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்திருந்தது. திரையைப் பார்த்து, “அண்ணா, லிஸ்ட் பாதியில நின்னுடுச்சுன்னு கடைசி வரியில போட்டிருக்கே! பேர் எல்லாம் ஜாஸ்தி ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு எழுத்து சேத்து அடிச்சுட்டு டேப் தட்டுங்க” என்றது. தட்டினேன். வெப்பச் சோதனை தானாக வந்து நின்றது.

அன்று சாயங்காலமே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“அந்தக் கடைசி வரியாவே?”

“ஆமா அண்ணாச்சி.”

“சார்ட்ட சொன்னீரா?”

“சொன்னேன். உங்களத் திரும்பக் கூப்பிடலாமேன்னும் கேட்டேன். அதான் இப்ப சரியாயிடுச்சேபான்னுட்டாரு.”

சிரித்தார். “சரி, நாற்காலி ஒமக்குத்தான். நல்லா சாஞ்சு உக்காரும்.”

“நீங்க இப்ப என்ன பண்றீங்க?”

“பெட்ரோல் பங்க்குல இருக்கேன். நின்னுக்கிட்டுத்தான். இரும்வே, வண்டி வந்துட்டு” என்று வைத்துவிட்டார்.