பேட்டரிக்கு ஒரு நாள் லீவு

1. நல்ல நாளும் அதுவுமாக

விஜயதசமி காலை. ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று கடை வாசலில் இன்னும் வாடவில்லை. ஷட்டரைத் தூக்கி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு புது வெள்ளைக் கார் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே குலுங்கியது. ஓட்டி வந்தவர் முதலாளி சுந்தரம். அவருடைய டிரைவர் கன்னியப்பன் பின்னாலேயே சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முதலாளி காரை ஓட்ட, டிரைவர் சைக்கிள் மிதித்து வருகிறார் என்றால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் எனக்கு ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. பேட்டரி, செல்ஃப், ஆல்டர்நேட்டர், ஹாரன் என்று வண்டியில் ஒயர் போகிற இடமெல்லாம் நம்ம ராஜ்ஜியம். எண்பதுகளில் கடை போட்டபோது கையில் ஒரு டெஸ்ட் லாம்ப் இருந்தால் போதும், எந்த வண்டியையும் படித்துவிடலாம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் வந்தன. அப்புறம்தான் நம்ம பாடு திண்டாட்டம்.

சுந்தரம் சார் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் கம்பெனி வைத்திருந்தார். ஒரே ஒரு ஷெட்டில் ஆரம்பித்த காலத்திலிருந்து கன்னியப்பன்தான் அவருக்கு டிரைவர். நசரத்பேட்டைக்காரர், பரம்பரை விவசாயக் குடும்பம். பழைய அம்பாசிடரை ஓட்டித் தேய்த்துவிட்டு, அந்த வருஷம்தான் இந்தப் புது வண்டிக்கு மாறியிருந்தார்கள்.

"மோகன், டேஷ்போர்டைக் கொஞ்சம் பாரு" என்றார் சார்.

பார்த்தேன். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. ஸ்டீரியோவில் பாட்டு வரவில்லை, 'கோட்' என்று நாலு ஆங்கில எழுத்துதான் மின்னியது.

"முந்தாநாள் வரைக்கும் நல்லா ஓடின வண்டிப்பா. பூஜைக்காக நேத்து ஒரு நாள் நிறுத்தினோம். காலைல எலுமிச்சம்பழம் வெச்சு எடுத்தா இந்தக் கூத்து. நேத்து சாவி இவன்கிட்டதான் இருந்துது. ஏதாவது நோண்டினியாடான்னு கேட்டா இல்லங்கிறான்."

"நான் ஒண்ணியும் நோண்டல மொதலாளி. பாப்பா மேல சத்தியமா."

அவ்வளவுதான், சாருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பாப்பா என்பது சாருடைய மகள். எல்.கே.ஜி.யிலிருந்து கன்னியப்பன்தான் அந்தப் பெண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிப் போனவர். இப்போது தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அவளுக்கு எந்த நேரத்துல வலி எடுக்கும்னு தெரியாது. வண்டி கெட்டுப்போனா டாக்சி பிடிச்சுக்கலாம். அவ மேலயே பொய்ச் சத்தியம் பண்றவனை நம்பி எப்படிப்பா அவளை அனுப்புறது? இன்னியோட இவன் கணக்கை முடிச்சுடறேன்."

கன்னியப்பன் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அவரைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

2. மறுபடியும் பன்னிரண்டு

கையோடு தீர்ப்பையும் எழுதி எடுத்துக்கொண்டு வரும் கஸ்டமரைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. "சார், எதிர்க்கடையில ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தேன்.

அப்போது என்னிடம் வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் கிடையாது. அந்தப் பெயரையே யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டிருந்தேன். அதனால் கண்ணில் பட்டதிலிருந்து ஆரம்பித்தேன். கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பினேன். சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினேன். கடிகாரம் மறுபடியும் பன்னிரண்டு. இன்னொரு தரம் செய்தேன். அப்போதும் அதேதான்.

செல்ஃப் மோட்டார் இழுக்கிற நேரத்தில் எங்கேயோ கரண்ட் அறுந்து வருகிறது. பானெட்டைத் திறந்தேன். பேட்டரி புத்தம் புதுசு, நெற்றி நிறைய விபூதியும் குங்குமமும். அதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை, அந்த வாரம் ஊரில் எல்லா பேட்டரியும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நெகட்டிவ் டெர்மினலின் கிளாம்ப் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ பிதுங்கிக் காய்ந்திருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை வைத்துக் கழற்றினேன். உள்ளே, ஈயக் குமிழைச் சுற்றி நன்றாகக் குழைத்துப் பூசிய சந்தனம். அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

கிளாம்ப்பைக் கழற்றாமல் அந்த இடத்தில் பொட்டு வைக்க யாராலும் முடியாது.

சாரைக் கூப்பிட்டு, "இதோ பாருங்க, கழட்டியிருக்காரு" என்று காட்டியிருக்கலாம். அன்றே கன்னியப்பன் கதை முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்தச் சந்தனம் அத்தனை அழகாகப் பூசப்பட்டிருந்தது. தப்பு செய்கிறவன் இவ்வளவு நிதானமாகப் பூச மாட்டான்.

3. நுகத்தடி

"அண்ணாத்தே, நேத்து பூஜை எப்டி போட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. "ஜோரா போட்டேன் மோகனு! வண்டிய கய்வி, தொடச்சி, பட்டை போட்டு, மாலை சாத்தி, அப்பாலிக்கா பேட்டரி ஒயரக் கயட்டி உட்டு, அதுக்கும் ஒரு பொட்டு வெச்சேன். காலைல வந்து மாட்டிட்டேன்."

"ஒயர ஏன் கயட்டுனீங்க?"

"இன்னா இப்டி கேக்குற? வண்டிக்கு லீவாச்சே! எங்கூட்ல மாட்டுக்கு லீவு உடுற அன்னிக்கு நுகத்தடிய எட்த்து ஓரமா சாத்திடுவோம். கயுத்துல பாரத்த வெச்சிகினே நின்னா அது இன்னா லீவு? அம்பாசிடருக்கும் வருசா வருசம் இப்டித்தான் செஞ்சிகினு இருந்தேன். ஒரு தபா கூட அது கோச்சிக்கினதே இல்ல."

"அப்ப மொதலாளி கேட்டப்போ நோண்டலன்னீங்களே?"

கன்னியப்பன் என்னை விநோதமாகப் பார்த்தார். "சாமி கும்புட்டத போய் நோண்டறதுன்னு எவனாச்சும் சொல்வானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த சாரிடம் நிதானமாகச் சொன்னேன். "சார், அம்பாசிடருக்கு மறக்கிறதுக்கு ஒண்ணுமே கிடையாது. இந்த வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கு. நிக்கும்போது ஐடிலிங் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவுன்னு தானா கத்து வெச்சிருக்கும். பேட்டரியக் கழட்டினா எல்லாம் மறந்துடும். திருடன் கழட்டிட்டான்னு ஸ்டீரியோ பூட்டிக்கும், ஷோரூம்ல கேட்டு நம்பர் போட்டாத்தான் திறக்கும். போதாததுக்கு இங்க சந்தனம் வேற, கரண்ட் ஒழுங்கா தாண்டல. அதான் விளக்கு. வேற ஒரு கோளாறும் இல்ல." பிறகு கன்னியப்பன் எதற்காகக் கழற்றினார் என்பதையும் சொன்னேன்.

சார் குனிந்து டெர்மினலில் இருந்த சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இத்தனை வருஷமாவா இப்படிப் பண்றே? எனக்குத் தெரியவே தெரியாதே, கன்னியப்பா."

"நீங்க கேக்கலியே மொதலாளி."

4. சைக்கிள் இங்கேயே இருக்கட்டும்

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டெர்மினலை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் விட்டதும் குலுக்கல் நின்றது. விளக்கு மட்டும் அணையவில்லை.

"அது திரும்பக் கத்துக்கணும் சார். கொஞ்ச தூரம் ஓட்டணும். அவரே ஓட்டட்டும், நீங்க முன்னாடி உட்கார்ந்து விளக்கைப் பாருங்க."

சார் எப்போதும் பின் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு போகிறவர். அன்றுதான் முதல் தடவையாக முன் சீட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். கன்னியப்பன் சைக்கிளை எடுத்து ஓரமாக நிறுத்தப் போனார். "அது இங்கேயே இருக்கட்டும். அப்புறமா வந்து எடுத்துக்கலாம், ஏறு" என்றார் சார். அதற்கு மேல் எந்தச் சமாதானமும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

போனவர்கள் லேசில் திரும்பவில்லை. வழியில் எங்கேயாவது நின்றுவிட்டதோ என்று ரோட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். வண்டியை ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினோம், விளக்கு அணைந்திருந்தது. சாருக்கு அதில் அக்கறையே இல்லை. "ஸ்டீரியோ பூட்டிக்கிச்சில்ல, இவன் பாட ஆரம்பிச்சுட்டான். இவனுக்குப் பாட வரும்னு உனக்குத் தெரியுமா மோகன்?" என்றார். கன்னியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சைக்கிளை எடுக்க அந்த வாரக் கடைசியில்தான் வந்தார். கையில் ஸ்வீட் பாக்கெட். "பேரன் பொறந்துகிறான்! நான்தான் இட்டுகினு போனேன். பாப்பா பின்னாடி அயுதுகினு வருது, எனக்கு ரோடே தெரியல, கண்ணுல தண்ணி" என்றார். சொல்லும்போதும் அழுதார். நானும்தான்.

அடுத்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை சொன்னேன். பேட்டரியைக் கழற்றுகிற நேரத்தில் ஒரு சின்ன பேட்டரியை ஒயரில் மாட்டி வைத்தால் வண்டிக்கு எதுவும் மறக்காது என்றேன். "அப்ப அது தூங்கலியே மோகனு, கண்ண தொறந்துகினுதானே கீது" என்று தள்ளிவிட்டார். சாரும் அவர் பக்கமே சேர்ந்துகொண்டார். "மறந்தா மறக்கட்டும்பா, நாங்க சொல்லிக் குடுத்துக்கறோம்." டெர்மினலைத் துடைத்துவிட்டு மாட்டக் கற்றுக்கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. பிறகு விஜயதசமி தோறும் காலையில் இருவரும் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார்கள். ஸ்டீரியோ நம்பர் கையில் இருந்தும், சுற்று முடிகிற வரை சார் அதைப் போட மாட்டார்.

5. கேட்கிற விதம்

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு. விளக்கு எரிந்தால் ஸ்கேனரை மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் வண்டியோடு வந்த ஆளிடம் பேசுங்கள். "என்னய்யா பண்ணே?" என்று அதட்டினால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். வண்டியை அவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று கேளுங்கள், கோளாறு தானாக வெளியே வரும்.

பிற்பாடு கன்னியப்பனுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் பண்ணியும் பார்வை பழையபடி திரும்பவில்லை. வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு நசரத்பேட்டையில் வீட்டோடு இருந்தார். அவர் இல்லாமல் வந்த முதல் விஜயதசமியன்று சுந்தரம் சார் தனியாக என் கடைக்கு வந்தார். வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. கடிகாரம் பன்னிரண்டு.

"புது டிரைவர் ஏதாவது பண்ணிட்டாரா சார்?"

"டிரைவர் எல்லாம் வைக்கல. நேத்து நானேதான் கழட்டினேன்" என்றார், ஸ்கூல் பையன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு.

பானெட்டைத் திறந்து கிளாம்ப்பைக் கழற்றினேன். சந்தனம் கோணல்மாணலாக அப்பியிருந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. துடைக்க மறந்திருக்கிறார். தேய்த்து, இறுக்கி, வாஸ்லின் தடவினேன்.

"விளக்கு அணையணும்னா கொஞ்ச தூரம் ஓட்டணும் சார்."

"தெரியும்ப்பா" என்றபடி, முன் சீட்டில் வைத்திருந்த பழக்கூடையைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தார். "நசரத்பேட்டை வரைக்கும் போனா போதுமா?"