கிணற்றடிக் கதவில் அப்பாவின் எழுத்து

தெற்கில் இருந்த கடையைப் பூட்டிவிட்டு எங்கள் தீவிலுள்ள நாரந்தனைக்குத் திரும்பியபோது அப்பா கையோடு கொண்டுவந்தது, கடையின் தகரப் பெயர்ப்பலகையை. வெள்ளைப் பூச்சில் கறுப்பு எழுத்து, அவரே எழுதியது. இங்கே அது கிணற்றடி மறைப்புக்குக் கதவாயிற்று. உப்புக் காற்றுக்குத் தகரம் தாங்காதென்று, வருடாவருடம் நயினாதீவுத் திருவிழாவுக்கு முன், அயலில் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற்றை வாங்கிவந்து அதன்மேல் பூசுவார். பழையதைச் சுரண்டமாட்டார். எங்கள் தீவில் யார்தான் சுரண்டினார்கள்?

அவர் காலமான பிறகு அம்மாவுக்கு ஒரே ஆசை.

"அந்த எழுத்தை ஒருக்காப் பாக்கோணும் மோனை. கண் முழுக்க மங்க முந்தி."

நான் வெளிநாட்டில் லேசர் படிப்பித்துப் பிழைப்பவன். இம்முறை வந்தபோது யாழ்ப்பாணத்து வேலைத்தளம் ஒன்றில் துரு எடுக்கும் லேசர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தேன். அம்மாவுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு விளக்கினேன். ஒளி விட்டுவிட்டு, கண்ணிமைப்பிலும் எத்தனையோ மடங்கு குறுகிய துடிப்புகளாக வரும். மேற்பூச்சு ஆவியாகிப் பறந்துவிடும். சூடு கீழே இறங்க நேரமே இராது.

"கொதிச்ச தோசைக்கல்லிலை தண்ணி தெளிச்ச மாதிரியே?"

"ஓம் அம்மா, கிட்டத்தட்ட."

பூச்சுகள் சடசடவென்று போயின. நீலம், அக்கா கலியாணம் செய்த வருடம். அதன் கீழே பச்சை, நான் சைக்கிள் பழகி அந்தக் கதவிலேயே போய் மோதிய வருடம். அப்பாவே பக்கத்தில் நிற்பதுபோல் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

கடைசிப் பூச்சு போனதும் முதல் எழுத்து கறுப்பாகத் தெரிந்தது. அடுத்த வீச்சில் காணவில்லை. வெள்ளை ஒளியைத் திருப்பி எறியும், கறுப்பு விழுங்கும், விழுங்குவது முதலில் பறக்கும். ஊருக்கெல்லாம் இதைப் படிப்பிக்கிற எனக்கு அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை. இயந்திரத்தை நிறுத்தினேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "தெரியுதே" என்றார்.

உண்மைதான். கடைவாசல் வெயிலில் வெள்ளைப் பூச்சு பழுப்பேறியிருந்தது. எழுத்துக்கு அடியில் மட்டும் வெயில் பட்டதில்லை. கறுப்புப் போன இடத்தில் அதே எழுத்து புது வெள்ளையில் நின்றது. அம்மாவுக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிவிட்டு இயந்திரத்தை ஓட்டினேன்; மற்ற எழுத்துகளின் கறுப்பும் மேற்பூச்சோடு சேர்ந்தே போயிற்று. ஒவ்வொன்றும் வெள்ளையாக வந்தது. அம்மா விரலால் தடவிக்கொண்டே போனார்.

"'கடை'யிலை 'டை'யை இப்பிடித்தான் வளைக்கிறவர்" என்று சொல்லி அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

திருவிழா வருகிறது, மேலே பூசாமல் விட்டால் உப்புக் காற்று தின்றுவிடும் என்று பிறகு சொன்னேன்.

"பூசாட்டி எவ்வளவு காலம் நிக்கும்?"

"நாலைஞ்சு வருசம் நிக்கும்."

"அது போதும் மோனை. எனக்கும் அவ்வளவுதான்."