சாணக்யபுரியில் கழற்றிய ஃபில்டர்

நவம்பர், வியாழன் காலை 8.10. டெல்லியில் இறங்கினேன். விமான ஜன்னலில் நகரமே தெரியவில்லை; சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் ஊர் வந்துவிட்டதென்று நம்பினேன். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் விற்கும் கோவைக் கம்பெனி ஒன்றில் நான் சர்வீஸ் என்ஜினீயர். காற்று கெடக் கெட எனக்கு வேலை. பிழைப்பு அப்படி.

தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லம். பன்னிரண்டு அறைகளுக்கு ஃபில்டர் மாற்றினேன். கழற்றியதெல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது. அறைகளைக் கூட்டும் செல்வி சேலத்துக்காரர். "சார், தூக்கித்தானே போடப்போறீங்க? ஒண்ணு குடுங்களேன். பாப்பாவுக்கு மூச்சு வாங்குது" என்றார். குப்பையில் ஒன்று குறைகிறதே என்று எனக்குப் பெருமை வேறு. கொடுத்துவிட்டேன்.

வெள்ளி காலை 9.30. செல்வி வாசலிலேயே காத்திருந்தார். "ஃபேன்ல கட்டினேன் சார். இருமல் ஜாஸ்தியாயிடுச்சு. ஜல்தி வந்து ஒரு தடவை பாருங்க."

ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தாண்டிப் போனோம். ஆட்டோவுக்கு 120 ரூபாய். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. டேபிள் ஃபேனுக்கு முன்னால் என் ஃபில்டர், அழுக்குப் பக்கம் குழந்தையைப் பார்த்தபடி. பாயைத் தட்டுவது போல அதைக் கட்டில் பக்கத்துச் சுவரில் நாலு தட்டு தட்டிவிட்டுத்தான் கட்டினாராம். பெரிய மனிதர்கள் மாதக்கணக்கில் சுவாசிக்காமல் தப்பித்த தூசியை அந்த ஆறு வயதுக் குழந்தை ஒரே நாளில் சுவாசித்திருக்கிறாள். ஒரு வார்த்தை எச்சரிக்காமல் கொடுத்தவன் நான். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

கழற்றினேன். "மெஷின் கராப் ஆயிடுச்சா அங்கிள், இனிமே ஓடாதா?" என்றாள் குழந்தை, இருமலுக்கு நடுவே.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?"

"காட்டினோம் சார். நல்ல காத்துல வச்சிருங்கன்னாரு. புதுசு கட்டினா சரியாயிடுமா?"

"கதவு, ஜன்னல், இடுக்கெல்லாம் மூடியிருந்தாத்தான் அது வேலை செய்யும்."

சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. செல்வி அதை அண்ணாந்து பார்த்தார்.

"அத மூடிட்டா அடுப்புப் புகை எங்க சார் போகும்?"

அந்தக் கறுப்பு ஃபில்டரைப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மீதிப் பதினொன்றையும் கேட்டு விருந்தினர் இல்லத்துக்கு ஓடினேன். குப்பை வண்டி காலையிலேயே போய்விட்டதாம். குப்பையிலிருந்து பொறுக்கி எந்த வீட்டில் யார் தட்டிக் கட்டப்போகிறார்களோ.

சனி மாலை, கோவை. மொட்டை மாடியில் நல்ல காற்று வீசியது. இழுத்து மூச்சு விடவே கூச்சமாக இருந்தது.